பால் இல்லாத ஐஸ் காபிக்கு எந்த நுரை?

டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே உயரத்தூக்கி ஆற்றி, மேலே நுரை திரண்ட பிறகே காபியை நீட்டுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நுரை இல்லாத காபி பாதிக் காபிதான். அப்படிப்பட்டவர்கள் பாலை விட நேரும்போது சூடான காபியைக்கூட எப்படியோ பழகிக்கொள்கிறார்கள். வெயில் காலத்தில் ஐஸ் காபி குடிக்க ஆசை வரும்போதுதான் திண்டாட்டம். கடை அலமாரியில் ஓட்ஸ், பாதாம், சோயா என்று அட்டைப்பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. வீட்டில் தேங்காய் இருக்கிறது. கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை அடித்தாலே நுரை வரும் என்று யாரோ சொல்கிறார்கள். எதில் காசையும் நேரத்தையும் போடுவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஸ் மேல் நின்று நிலைக்கும் நுரை வேண்டுமென்றால் எந்தத் தாவரப் பாலையும் தேட வேண்டாம், காபிப் பொடியே போதும். பால் காபியின் சாயல் வேண்டுமென்றால் சோயா. ருசிதான் முதல் என்றால் தேங்காய். ஓட்ஸ், பாதாம், முந்திரி, கொண்டைக்கடலைத் தண்ணீர் எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான். ஆனால் இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. ஏன் பாலை விட்டீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

முதலில் அந்தக் காரணத்தைப் பாருங்கள்

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கடமுடா என்கிறது என்பது உங்கள் தொந்தரவானால், அது பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காததால் வருவது. அதை மருத்துவர் உறுதிசெய்திருந்தால், லாக்டோஸ் நீக்கிய பசும்பாலே கடையில் கிடைக்கிறது. அதில் பால் புரதம் முழுதாக இருப்பதால் நுரையும் வழக்கம்போல வரும். இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

பால் ஒவ்வாமை வேறு விஷயம். அங்கே பிரச்சினை சர்க்கரை அல்ல, புரதம். துளி பால் பொருள் கலந்திருந்தாலும் ஆபத்து. அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் கடைப் பெட்டிகளின் பொருள் பட்டியலை வரி விடாமல் படித்தாக வேண்டும். சோயாவும் கொட்டைகளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், அவற்றைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கொள்கைக்காகப் பாலை விட்டவர்களும் அதே பட்டியலைப் படிக்கத்தான் வேண்டும், ஆனால் அவர்களுக்குத் தேர்வு இன்னும் விரிவானது.

நுரை எதனால் நிற்கிறது

பசும்பாலில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 3.3 கிராம் புரதம். காற்றுக் குமிழைச் சுற்றி மெல்லிய படலமாகப் படிந்து, அதை உடையாமல் பிடித்து வைத்திருப்பது இந்தப் புரதம்தான். கொழுப்பு வாய்க்குக் கொழகொழப்பைத் தரும், ஆனால் திரவமாக இருக்கும் கொழுப்பு குமிழின் படலத்தை அறுத்துவிடும். அதனால்தான் ஸ்டார்பக்ஸ் 2018 வாக்கில் அமெரிக்கக் கடைகளில் பரவலாக்கிய குளிர்நுரைக்குக் கொழுப்பு நீக்கிய பாலை எடுத்துக்கொண்டது. கொழுப்பு உறைந்த நிலையில் இருந்தால் கதை மாறும். குளிர்ந்த க்ரீமை அடித்தால் கெட்டியாவது, உறைந்த கொழுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு காற்றைச் சிறைப்பிடிப்பதால்.

இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தாவரப் பாலும் பின்பற்ற முடியும்: புரதத்தால் நிற்பது, அல்லது உறைந்த கொழுப்பால் நிற்பது. சோயா முதல் வகை. தேங்காய் இரண்டாம் வகை. பாதாம், முந்திரி, வீட்டு ஓட்ஸ் மூன்றிலும் இரண்டுமே போதாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் பின்பக்கம் திருப்பி, 100 மி.லி.க்குப் புரதம் எவ்வளவு என்று பார்த்தே நுரை வருமா வராதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். 3 கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் வரும். அரை கிராம் என்றால், நிலைப்படுத்தும் பொருள்கள் சேர்த்திருந்தால் ஒழிய, சோப்புத் தண்ணீர் மாதிரி பெரிய பெரிய குமிழாகக் கிளம்பி அடுத்த நிமிடமே அடங்கிவிடும்.

காபியே நுரைக்கும்

1957இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் டிமிட்ரிஸ் வகொண்டியோஸ் என்பவர் நெஸ்லே நிறுவனத்தின் சார்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காபி குடிக்க நினைத்தபோது வெந்நீர் கிடைக்கவில்லை. குலுக்கிக் கலக்கும் ஒரு குவளையில் உடனடிக் காபிப் பொடியையும் குளிர்ந்த நீரையும் போட்டுக் குலுக்கினார். கெட்டியாக நுரை எழுந்தது. அதுதான் ஃப்ராப்பே. கிரேக்கர்களின் கோடைக் காபியாக இன்றும் நிலைத்து நிற்கிறது. அதற்குப் பால் தேவையே இல்லை, விருப்பமானவர்கள் சேர்த்துக்கொள்வதுதான்.

ஏன் உடனடிக் காபி மட்டும் இப்படி நுரைக்கிறது? காபிக் கொட்டையில் இயல்பாகவே புரதமும் நீண்ட சங்கிலிச் சர்க்கரைகளும் உண்டு, வறுக்கும்போது அவற்றிலிருந்து வேறு சில பெரிய மூலக்கூறுகளும் உண்டாகின்றன. இவையெல்லாம் குமிழைப் பிடித்துவைக்கும். உடனடிக் காபிப் பொடியில் இவை செறிவாக இருக்கின்றன, நுரையைக் கெடுக்கும் காபி எண்ணெயோ மிகக் குறைவு. ஃபில்டர் டிகாஷனில் எண்ணெயும் அதிகம், நீரும் அதிகம். அதை எவ்வளவு அடித்தாலும் டால்கோனா, அதாவது காபிப் பொடியையும் சர்க்கரையையும் அடித்துச் செய்யும் கெட்டி நுரை, வராது என்பதற்கு இதுவே காரணம்.

டால்கோனா என்று சொன்னதும் 2020 ஊரடங்கு நினைவுக்கு வரும். அந்த ஆண்டு தொடக்கத்தில் தென்கொரிய நடிகர் ஜுங் இல்-வூ ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மக்காவ் கடை ஒன்றில் இதைக் குடித்துவிட்டு, தன் நாட்டுச் சர்க்கரை மிட்டாய் ஒன்றைப் போல இருக்கிறது என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. வட இந்திய வீடுகளில் காபிப் பொடியையும் சர்க்கரையையும் சில துளி நீர் விட்டுக் கரண்டியால் அடித்துச் செய்யும் காபி இதற்கெல்லாம் வெகு முன்பிருந்தே இருக்கிறது.

செய்முறை எளிது. உடனடிக் காபிப் பொடி, சர்க்கரை, வெந்நீர் மூன்றும் சம அளவு, ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம். மின்சார பீட்டரில் 3 முதல் 5 நிமிடம் அடித்தால் பழுப்பு நிறத்தில் கெட்டியாகிவிடும். கையால் அடித்தால் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். வீட்டில் மோர் கடையும் மத்து இருந்தால் உயரமான, குறுகலான பாத்திரத்தில் போட்டுக் கடையுங்கள், கரண்டியைவிட நன்றாக வேலை செய்யும். சர்க்கரையைக் குறைக்கலாம், ஆனால் முழுவதும் விட்டுவிட்டால் நுரை வந்தாலும் சீக்கிரம் இளகிவிடும், ஏனென்றால் பாகுத்தன்மையைத் தருவது சர்க்கரைதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இளநீர். உயரமான கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்டு, குளிர்ந்த இளநீரை முக்கால் அளவுக்கு ஊற்றி, மேலே இந்த நுரையை இரண்டு கரண்டி வையுங்கள். இளநீரே தித்திப்பானது, அதனால் நுரையில் சர்க்கரையைப் பாதியாக்கிவிடலாம். கசப்பும் இளநீரின் லேசான உப்புத் தித்திப்பும் சேரும்போது பால் ஞாபகமே வருவதில்லை. சித்திரை, வைகாசி மதியத்துக்கு இதைவிட நல்ல பானம் எனக்குத் தெரியாது.

குறை என்ன? தித்திப்பு. ஒரு கோப்பைக்கு வழக்கமாகப் போடுவதைவிட அதிகப் பொடி போவதால் காஃபீனும் கூடுதல், மாலைக்கு மேல் குடித்தால் தூக்கம் கெடலாம். இன்னொன்று, ஃபில்டர் காபியின் மணத்தில் ஊறியவர்களுக்கு உடனடிக் காபியின் வாசனை பிடிக்காது. அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: கீழே ஐஸுடன் நல்ல டிகாஷன், மேலே மட்டும் இந்த நுரை. மணம் டிகாஷனிலிருந்து வந்துவிடும், நுரை தன் வேலையை மட்டும் பார்க்கும்.

பொடி வாங்கும்போது ஒரு கவனம். நம் ஊரில் விற்கும் பல உடனடிக் காபிகளில் சிக்கரி கலந்திருக்கும். இந்திய விதிப்படி அப்படிக் கலந்தாலும் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, விகிதத்தை உறையில் அச்சிடவும் வேண்டும். சிக்கரி கலந்ததிலும் நுரை வரும், ஆனால் முழுக் காபிப் பொடியில் வருவதுதான் எனக்குத் திருப்தி.

சோயா: நுரையில் பசும்பாலுக்கு மிக அருகில்

தாவரப் பால்களில் புரத அளவில் பசும்பாலுக்குச் சமமாக நிற்பது சோயாதான், 100 மி.லி.க்கு 3 கிராம் முதல் 3.5 கிராம் வரை. கூடவே எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் லெசிதினும் இயற்கையாகவே இருக்கிறது. குளிரக் குளிர பிரெஞ்சு பிரஸ்ஸில் (சல்லடைத் தண்டு உள்ள காபிக் குவளை) ஊற்றி ஏற்றி இறக்கினால் பொடிக் குமிழாக, வழவழப்பாக எழும், இரண்டு மடங்கு வரை பொங்கும். ஐஸ் மேல் ஊற்றினால் குடித்து முடிக்கும் வரை ஒரு படலமாவது மிஞ்சியிருக்கும். பாதாம் பானத்தை வாங்கி ஏமாந்தவர்கள் சோயாவுக்கு வந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஆனால் சோயா திரியும். பாலில் எலுமிச்சை விழுந்தது போலத் துணுக்கு துணுக்காகப் பிரிந்து மிதக்கும். காபிக்கு இயல்பாகவே அமிலத்தன்மை உண்டு, அந்த அமிலம் சூட்டோடு சேரும்போது சோயா புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. இங்கேதான் ஐஸ் காபி நமக்கு உதவுகிறது. சூடு இல்லாததால் பாதிப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும். டிகாஷனை முழுக்க ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பிறகே கலக்க வேண்டும். சோயாப் பாலில் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், தலைகீழாகச் செய்யக் கூடாது. நன்றாகக் கருக வறுத்த கொட்டையில் அமிலம் குறைவு. குளிர்நீரில் 12 முதல் 16 மணி நேரம் ஊறவைத்து வடிக்கும் காபியிலும் அப்படித்தான். ரொபஸ்டா வகைக் கொட்டை கலந்த பொடி, அரபிக்கா வகை மட்டும் உள்ளதைவிட இந்த விஷயத்தில் சாது. இத்தனைக்கும் மேலே திரிந்தால் டிகாஷனில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகச் சமையல் சோடா போட்டுப் பாருங்கள். கூடினால் உவர்த்துவிடும்.

வீட்டிலேயே சோயாப் பால் எடுப்பது கடினமில்லை, பொறுமை வேண்டும். சோயா பீன்ஸில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருப்பதால் 100 கிராம் பீன்ஸுக்கு ஒரு லிட்டர் நீர் வரை தாங்கும். நுரைக்காக எடுப்பதானால் முக்கால் லிட்டரோடு நிறுத்துங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோல் நீக்கி அரைக்க வேண்டும். அந்தப் பச்சை வாடை பலருக்குச் சோயாவின் மீதே வெறுப்பை உண்டாக்கியிருக்கிறது. அரைக்கும் நேரத்தில் ஒரு நொதி வேலை செய்வதால் வருவது அது. நல்ல சூடான நீர் விட்டு அரைத்தால் நொதி அடங்கி வாடையும் பெரிதும் குறையும். சூடான நீரை மிக்ஸி ஜாரில் விடும்போது ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியின் சின்ன ஓட்டையைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். அரைத்து வடிகட்டியதைக் கட்டாயம் கொதிக்கவிட வேண்டும், பதினைந்து நிமிடமாவது. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அடுப்பில் வைத்ததும் கொதிக்கும் முன்பே பொங்கி வழியப் பார்க்கும், கொதித்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள்.

கடையில் வாங்குவதென்றால் சர்க்கரையும் வெனிலாவும் சேர்க்காத வகையை எடுங்கள். மணம் சேர்த்தவை காபியோடு சண்டை போடும்.

தேங்காய்: ருசியில் இதற்கு இணையில்லை

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப் பாலில் நுரை வருவதில்லை, க்ரீம் வருகிறது. காற்றோட்டமான, பஞ்சு போன்ற நுரையை எதிர்பார்த்துத் தேங்காய்ப் பாலை அடிப்பவர்கள் ஏமாறுவார்கள். ஐஸ் காபியின் மேல் வெள்ளையாக ஒரு கனத்த அடுக்கு உட்கார்ந்து, அதிலிருந்து கோடு கோடாகக் கீழே வழிவதுதான் இதன் அழகு. அதை ஏற்றுக்கொண்டால் இதைப் போல ருசி எதிலும் கிடையாது.

தண்ணீர் அதிகம் சேர்க்காமல் பிழிந்த முதல் பாலில் கொழுப்பு 20 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அந்தக் கொழுப்பு உருகும் வெப்பநிலை சுமார் 24 டிகிரி செல்சியஸ். குளிர்நாட்டுச் சமையலறையில் அது தானாகவே கெட்டியாக இருக்கும். சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மேசை மேல் வைத்த நிமிடத்தில் இளகத் தொடங்கிவிடும். வெளிநாட்டுச் செய்முறைகள் நம் வீட்டில் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், செய்பவர்மீது தவறில்லை.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஒரு முழுத் தேங்காயைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, துணியில் முறுக்கிப் பிழியுங்கள். குறுகலான பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் நான்கைந்து மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே கெட்டியாகத் திரளும். அதை மட்டும் கரண்டியால் வழித்து எடுங்கள். கீழே தங்கும் நீர்த்த பாலை டிகாஷனோடு கலக்கப் பயன்படுத்தலாம். பாத்திரத்தையும் பீட்டரின் கம்பிகளையும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, குளிர்ந்ததும் அந்தத் திரட்சியை இரண்டு மூன்று நிமிடம் அடியுங்கள். பொடித்த சர்க்கரை ஒரு கரண்டி சேர்த்தால் பிடிமானம் கூடும். அதிகம் அடித்தால் மெழுகு போலக் குருணையாகிவிடும், மிருதுவாக முகடு எழும்பியதும் நிறுத்த வேண்டும்.

தித்திப்புக்கு வெள்ளைச் சர்க்கரையை விடுத்துக் கருப்பட்டிப் பாகு காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியைத் தட்டி, மூழ்கும் அளவு நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, லேசாக இறுகும் வரை கொதிக்கவிட்டு ஆறவைத்தால் போதும். டம்ளரின் அடியில் பாகு, மேலே ஐஸ், அதன்மேல் திக்கான டிகாஷன், உச்சியில் தேங்காய் க்ரீம், ஒரு சிட்டிகை சுக்குப் பொடி. சுக்குக் கருப்பட்டிக் காபியின் ருசி தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

வியட்நாமில் தேங்காய்க் காபி பிரபலம், அடித்த தேங்காய்க் கலவையை ஐஸ்போலக் குளிரவைத்துக் கடுங்காபியின் மேல் போடுவார்கள். அங்கே வழக்கமாகச் சுண்டவைத்த இனிப்புப் பாலும் அதில் சேரும் என்பதால், பாலை விட்டவர்கள் அந்தச் செய்முறையை அப்படியே எடுக்க முடியாது. இனிப்புப் பாலுக்குப் பதில் மேலே சொன்ன பாகு பொருந்தும்.

பொட்டலத் தேங்காய்ப் பால் வாங்கினால் அதில் கெட்டிப்படுத்தும் பொருள்கள் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் ஃப்ரிட்ஜில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் க்ரீம் தனியாகப் பிரியாது. தேங்காய்ப் பால் பவுடரில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதில் சோடியம் கேசினேட் சேர்ப்பது உண்டு. அது பால் புரதம்.

ஓட்ஸ்: பெட்டி நல்லது, வீட்டில் வேண்டாம்

ஓட்ஸ் பானத்தின் தொடக்கம் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம். 1990களில் ரிக்கார்ட் ஓஸ்டே என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஓட்ஸ் மாவுச்சத்தை நொதிகளால் உடைத்துப் பானமாக்கும் முறையைக் கண்டார்கள். அந்த உடைப்பில் மால்டோஸ் என்ற சர்க்கரை உருவாகிறது, சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ் பானமும் தித்திப்பது அதனால்தான். காபிக் கடைகளுக்கென்று ‘பாரிஸ்டா’ என்ற பெயரில் வருவதில் எண்ணெய் கூடுதலாகவும், திரியாமல் இருக்க ஃபாஸ்ஃபேட் உப்பும் இருக்கும். புரதம் 1 கிராம் அளவுதான்.

சூடான லாட்டேவுக்கு அது அருமை. ஐஸ் காபியில் நுரை மிருதுவாக எழுந்து, கொஞ்ச நேரத்தில் பானத்தோடு கலந்துவிடும். நிற்க வேண்டும் என்று நினைக்காமல் கலந்து குடிப்பவர்களுக்கு இது போதும், தானிய ருசி காபிக்கு நன்றாகவே பொருந்துகிறது. விலைதான் ஆவின் பாலின் பல மடங்கு. தினமும் ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

வீட்டில் அடிக்கும் ஓட்ஸ் பாலுக்கு நொதியும் இல்லை, எண்ணெயும் இல்லை. குளிர்ந்த நீரில் அரை நிமிடம் மட்டும் ஓட்டி, பிழியாமல் வடித்தால் கொழகொழப்பு குறையும், காபியில் கலக்க உதவும். நுரைக்கு உதவாது.

பாதாமும் முந்திரியும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைப் பாதாம் பானத்தில் புரதம் அரை கிராமைச் சுற்றியே இருக்கும். முந்திரியை ஊறவைத்து வடிகட்டாமல் நைஸாக அரைத்தால் பாயசம் போன்ற கெட்டித்தன்மை வரும், காபிக்கு உடம்பு கொடுக்கும், நுரை வராது. பாதாம் பால் சேர்த்த காபியின் மணம் பிடிக்கும் என்றால் அதைக் கீழே ஊற்றுங்கள், மேலே அடித்த காபி நுரையை வையுங்கள்.

கொண்டைக்கடலைத் தண்ணீர்

2014இல் பிரான்சின் இசைக்கலைஞர் ஜோயல் ரோசெல், கொண்டைக்கடலை வெந்த நீரை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல அடித்து நுரைக்க முடியும் என்று காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்க மென்பொருள் பொறியாளர் கூஸ் வோல்ட் அதைப் பரப்பி ‘அக்வாஃபாபா’ என்று பெயரிட்டார். கடலையிலிருந்து நீரில் இறங்கும் புரதமும் மாவுச்சத்தும் சபோனின் என்ற நுரைக்கும் பொருளும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன.

சுண்டல் செய்கிற வீட்டில் இது இலவசம். வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் உப்பு போடாமல் குக்கரில் வேகவையுங்கள். உப்பைச் சுண்டல் தாளிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். கடலையை அந்த நீரிலேயே ஆறவிட்டு ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் நீர் வெள்ளைக்கரு போலக் குழையும். நீர்த்திருந்தால் அடுப்பில் வைத்துச் சுண்டவைக்கலாம். பிறகு மின்சார பீட்டரில் ஐந்து முதல் எட்டு நிமிடம், இடையிடையே சர்க்கரை சேர்த்து அடித்தால் வெண்பனி போல நிமிர்ந்து நிற்கும். பார்ப்பதற்கு மற்ற எல்லா நுரையையும் மிஞ்சிவிடும்.

ருசி என்று பார்த்தால் அதற்கென்று ஒன்றுமில்லை, வெறும் தித்திப்பான காற்று. அடியில் லேசான கடலை வாசனை இருக்கும், ஏலக்காயோ காபிப் பொடியோ தூவினால் மறையும். கையால் அடித்து இதை வரவழைப்பது பெரும்பாடு, பீட்டர் இல்லாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தேங்காய் க்ரீமோடு சேர்த்து அடிக்கவும் வேண்டாம், கொழுப்பு பட்டதும் படுத்துவிடும். சோயா, கொட்டை, பால் மூன்றும் ஆகாத வீட்டில், கடலை ஒத்துக்கொள்ளும் என்பது தெரிந்திருந்தால், விருந்தாளிகளுக்கு அழகாகக் கொடுக்க நல்ல வழி.

‘நான்-டெய்ரி’ என்ற எழுத்தை நம்பாதீர்கள்

கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் ‘நான்-டெய்ரி’ விப்பிங் க்ரீம் உறைய வைத்துக் கிடைக்கும். அடித்தால் நொடியில் எழும்பும், ஐஸ் காபி மேல் மணிக்கணக்கில் நிற்கும். பனைக் கொட்டை எண்ணெய் போன்ற கொழுப்பும் சர்க்கரையும்தான் அதன் அடிப்படை. காபி வெள்ளையாக்கும் பொடிகளும் இதே வகை. இவற்றில் பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். பாலில் இருந்து எடுத்த புரதத்தைச் சேர்த்துவிட்டு, பால் கொழுப்பு இல்லை என்பதற்காக அந்தப் பெயரில் விற்கிறார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இது பாலுக்குச் சமமான ஆபத்து.

பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று மட்டுமே பொருள், பால் இல்லை என்று பொருளில்லை. பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எந்தப் பொருளும் சேராத உணவுகளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. இலையோடு ஆங்கில ‘வி’ எழுத்துள்ள பச்சை முத்திரை அதற்கானது. ஒவ்வாமைக் குறிப்பு வரியில் ‘பால்’ என்ற சொல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தாவரப் பானங்களைப் ‘பால்’ என்ற பெயரில் விற்கக் கூடாது என்பதும் ஆணையத்தின் நிலைப்பாடு, ஆகவே கடையில் ‘ஓட்ஸ் பானம்’, ‘சோயா பானம்’ என்ற பெயர்களில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

எதை வைத்து அடிப்பது

வாங்குவதானால் பிரெஞ்சு பிரஸ் ஒன்றுதான் என் பரிந்துரை. சோயாவை மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, இருபது முப்பது முறை வேகமாக ஏற்றி இறக்கினால் கடைத்தரத்தில் நுரை வரும், காபி வடிக்கவும் அதே பாத்திரம் ஆகும். பேட்டரியில் ஓடும் ஃப்ராதர் (நுரை அடிக்கும் சிறு கைக்கருவி) மலிவு, ஒரு டம்ளருக்குப் போதும், ஆனால் டால்கோனா கெட்டியாகும்போது திணறும். ஃப்ராப்பேவுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். இறுக மூடும் பாட்டிலில் இரண்டு தேக்கரண்டி பொடி, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, நான்கு மேசைக்கரண்டி குளிர்நீர் போட்டு அரை நிமிடம் குலுக்கினால் போதும். ஐஸ் நிரப்பிய டம்ளரில் ஊற்றி, குளிர்நீர் சேர்த்தால் பானம் தயார். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் வேலை ஆகும், தொடர்ந்து ஓட்டினால் பானம் சூடாகி நுரை கலையும். ஆற்றுவது சூடான பாலுக்குரிய வித்தை, குளிர்பானத்தில் நிற்கும் நுரையைத் தராது.

டம்ளரை நிரப்பும் முன்

எந்த நுரையைத் தேர்ந்தாலும் கீழே இருக்கும் காபி திடமாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். ஐஸ் உருகி நீர்க்கும் என்பதால் டிகாஷன் வழக்கத்தைவிடக் கெட்டியாக வேண்டும், ஒரு டம்ளருக்கு முதல் டிகாஷன் 60 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் டிகாஷனை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் உருகினாலும் காபியாகவே உருகும். சர்க்கரையைக் குளிர்ந்த காபியில் போட்டால் அடியில் தங்கும், பாகாகவே சேர்க்க வேண்டும். நுரையைக் கடைசியில், ஐஸ் கட்டிகளின் தலை வெளியே தெரியும்போது கரண்டியின் முதுகில் விட்டு மெல்ல இறக்குங்கள்.

இரண்டு மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நுரை அடிக்க முடியாது. அடித்த காபி நுரையை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், கொஞ்சம் இளகினால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். அதனால் ஒரே முறையில் கூடுதலாகச் செய்துவைக்க ஏற்றது இதுதான். கொதிக்கவைத்த சோயாப் பால் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் இருக்கும், நுரையை அவ்வப்போது அடித்துக்கொள்ள வேண்டும். கொண்டைக்கடலை நீரை ஐஸ் தட்டில் உறையவைத்துத் தேவைப்படும்போது உருக்கி அடிக்கலாம். வீட்டில் பிழிந்த தேங்காய்ப் பாலைப் பிழிந்த அன்றே முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்தாலும் மறுநாள் அதன் மணம் மாறத் தொடங்கிவிடும், காபியில் அது முதல் மிடறிலேயே தெரியும்.